ஆள்காட்டி விரலால் தள்ளிய தண்ணீர்

பெரிய பாப்பா, சின்ன பாப்பா, இது உங்கள் இருவருக்கும் எழுதுவது. நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். சின்னவளே, உன் கீழ் வரிசையில் இடது பக்கம் எவர்சில்வர் தொப்பி போட்ட பல் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இன்னும் மூன்று நான்கு வருடத்தில் அது தானாக விழுந்துவிடும். விழுந்த பிறகு சொன்னால் ஏதோ கட்டுக்கதை மாதிரி இருக்கும். இருக்கும்போதே சொன்னால் நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டே படிக்கலாம். இதில் நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்போது உனக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. அந்தப் பல்லில் எள் அளவு கறுப்பாக ஒரு குழி இருப்பதை அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள். நான் கேட்கவில்லை. பால் பல்தானே, விழப்போகிற பல்லுக்கு எதற்கு வைத்தியம் என்றேன். தாம்பரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள், அதனால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. டிசம்பர் வந்தது. சர்ச்சிலிருந்து கேரல் பாட வந்தவர்கள் வீட்டுக்கு வீடு மிட்டாய் கொடுத்தார்கள். பல்லில் ஒட்டிக்கொண்டு இழுத்தாலும் வராத மிட்டாய். நீ வலது கடவாயில் ஒன்று, இடது கடவாயில் ஒன்று என்று ஒதுக்கி வைத்துக்கொண்டு திரிந்தாய். ஜனவரியில் பள்ளி திறந்தபோது எள் மிளகாகிவிட்டிருந்தது. சோறு அந்தப் பக்கம் போனால் கன்னத்தைப் பிடித்துக்கொள்வாய்.

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் நான் வாஷிங் செக்‌ஷன். இரும்புத் துண்டில் ஆயில் ஓடுவதற்காக நீளமான சின்னச் சின்னத் துளைகள் போடுவார்கள். துளை போட்டதும் உள்ளே இரும்புப் பிசிறு தங்கிவிடும். ஒரு பிசிறு மிச்சம் இருந்தாலும் நாளைக்கு இன்ஜினை அது தின்றுவிடும். அதைக் கழுவி வெளியே எடுப்பதுதான் எங்கள் வேலை. ஆனால் துளை போடும் மெஷின்காரனுக்கு இருக்கிற மரியாதை எங்களுக்குக் கிடையாது. ஷிப்ட் பஸ்ஸில் ஏறினாலே, "குளிப்பாட்டுற பார்ட்டி வந்தாச்சு, எல்லாரும் சோப்பு எடுத்து வைங்கப்பா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் சிரித்துவிடுவேன். எங்கள் செக்‌ஷனுக்குத் தெரிந்த மந்திரம் ஒன்றுதான்: பிரஷர். பிசிறு வரவில்லையா, பிரஷரைக் கூட்டு.

அந்த மந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் நான் செய்த தப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அம்மா சமையலில் இருக்கும்போது, காய்ச்சல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்தேன். வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர் பிடித்தேன். பெரியவளே, நீ போனில் டார்ச் அடித்தாய். சின்னவளை மடியில் சாய்த்து, குழிக்கு நேராக முனையை வைத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்து. சோற்றுப் பருக்கை ஒன்று வெளியே வந்தது. பார்த்தாயா என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். இரண்டாவது அழுத்தில் சின்னவள் அலறிய அலறலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். மறுநாள் காலையில் சின்னவளின் இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

அம்மாவின் பள்ளியில் உடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சொல்லி, குரோம்பேட்டையில் குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்க்கும் டாக்டரிடம் போனோம். ஜி.எஸ்.டி. ரோடு மேலேயே, செல்போன் கடைக்கு மாடியில் கிளினிக். பஸ் ஹாரன் அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். டாக்டர் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். சின்னவளின் வாயைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது போட்டீர்களா, கிராம்பு எண்ணெய், கற்பூரம், மாத்திரைப் பொடி என்று கேட்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த முயல் படத்தைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். பெரியவளே, நீதான் பேசினாய்.

"அப்பாதான் ஆன்ட்டி, சிரிஞ்சு வெச்சு பீச்சுனாரு. நான் டார்ச் மட்டும்தான் அடிச்சேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீழ் ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறது, வீக்கம் எப்படியும் வந்திருக்கும், அதற்காக மனசைப் போட்டு வதைக்க வேண்டாம் என்றார். ஆனால் அழுத்தி அடித்தது பெரிய தப்பு, ஏன் என்று படத்தில் காட்டுகிறேன் என்று எக்ஸ்ரே எடுத்தார்.

கம்ப்யூட்டரில் படம் வந்தது. நான் பார்த்த அந்த நிமிடத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. சின்னவளின் பல், இரண்டு வேரையும் இரண்டு கால் மாதிரி அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கால்களுக்கு நடுவில், எலும்புக்குள், இன்னொரு பல் உட்கார்ந்திருந்தது. வேர் இல்லை, கால் இல்லை, தலை மட்டும். குடைக்குக் கீழே குழந்தை உட்கார்ந்திருப்பது போல. உனக்கு ஐந்து வயது நடக்கும்போதே உன் பத்து பதினோரு வயதுப் பல் உள்ளே தயாராகிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், சத்தம் போடாமல். நான் விழுகிற பல் என்று சொன்னது அதற்குக் கூரை. அந்தக் கூரைக்கும் குழந்தைக்கும் நடுவில் புகை மாதிரி ஒரு நிழல் இருந்தது. அதுதான் சீழ் பரவிய இடம் என்றார் டாக்டர். அந்த இடத்தை நோக்கித்தான் நான் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறேன்.

பிடுங்கிவிட்டால் என்ன என்று அம்மா கேட்டாள். பிடுங்குவது ஐந்து நிமிட வேலை என்றார் டாக்டர். ஆனால் பின்னால் முளைக்கப்போகிற பெரிய கடவாய்ப்பல் அந்தக் காலி இடத்தில் சாய்ந்து வந்து, கீழே இருக்கும் பல்லின் வாசலை அடைத்துவிடும். இடம் காக்கக் கம்பி வைக்கலாம் என்றால், அதைப் பிடிக்கப் பின்னால் பல் இன்னும் முளைக்கவில்லை, அது வேறு கஷ்டம். அதனால் முதலில் வேரைக் கழுவிப் பார்க்கலாம் என்றார். ஒரு வாரம் விட்டுத் திறந்து பார்க்கும்போது வேர் காய்ந்திருந்தால் அடைத்துவிடலாம். அப்போதும் ஈரம் கசிந்தால் எடுப்பதைத் தவிர வழியில்லை.

மருந்து சாப்பிட்டு வீக்கம் வடிந்ததும் மறுபடி போனோம். மரத்துப்போக ஊசி போட்டபோது சின்னவள் அழுதாள், அது நியாயம்தான். பிறகு பச்சை நிற ரப்பர் துணி ஒன்றில் ஓட்டை போட்டு, அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மாட்டினார்கள். பல்லுக்கு ரெயின்கோட் என்று டாக்டர் சொன்னதும் அழுகை நின்றது.

அடுத்து கழுவும் சிரிஞ்சை எடுத்தார். அதில் வெறும் உப்புத் தண்ணீர் இருக்கும்போது, முதலில் தன் உள்ளங்கையில் காட்டினார், பிறகு சின்னவளின் கையில். நான் எட்டிப் பார்ப்பதைப் பார்த்து என் கையிலும். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான் அந்த ஊசி. அதன் முனை அடைத்திருந்தது. தண்ணீர் முன்னால் வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. பதினாறு வருடமாக நான் கம்பெனியில் பார்த்த, தண்ணீர் பீய்ச்சும் நாசில் எல்லாம் நேராகப் போய் மோதும். தண்ணீர் முட்டாமல் போக வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து, ஒரு குழந்தையின் பல்லுக்காக முனையை அடைத்துப் பக்கத்தில் வாசல் வைத்திருக்கிறார். அவர் யாரோ, எந்த ஊரோ. என் கையில் விழுந்த அந்த நாலு சொட்டைத் துடைக்க மனம் வரவில்லை.

பிறகு வேறொரு மருந்தை நிரப்பினார். அதன் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் திக்கென்றது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவும்போது வரும் பிளீச்சிங் வாசனை அது. பிள்ளை வாயில் பிளீச்சிங்கா என்று கேட்டுவிட்டேன். அதே குடும்பம்தான், ஆனால் அளந்து, நீர்த்து, இதற்கென்றே செய்தது என்றார் டாக்டர். கிருமியைக் கொல்லும், உள்ளே செத்துப்போன சதையைக் கரைக்கும், ஆனால் உதட்டில் பட்டால் புண்ணாக்கும், அதற்குத்தான் ரெயின்கோட், அதற்குத்தான் பக்கத்தில் உறிஞ்சும் குழாய். என் பக்கம் திரும்பி, வீட்டில் இருப்பதை எடுத்து நீங்கள் முயற்சி செய்துவிடாதீர்கள் என்று தனியாக ஒரு முறை சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாத்ரூம் அலமாரியில் இருப்பது பாத்ரூமுக்குத்தான்.

முதலில் முடி போன்ற அரங்களை வேருக்குள் விட்டு மெல்லச் சுரண்டினார். கழுவினார். மறுபடி சுரண்டினார், மறுபடி கழுவினார். சுரண்டும் நேரத்தைவிடக் கழுவும் நேரம்தான் அதிகம். தண்ணீர் போவதும் தெரியவில்லை, வருவதும் தெரியவில்லை, அவ்வளவு நிதானம். எனக்குக் கை பரபரத்தது. எக்ஸ்ரே பார்த்த பிறகும், அவ்வளவு கேட்ட பிறகும், பழகிய வாய் சும்மா இருக்கவில்லை.

"மேடம், இன்னும் கொஞ்சம் பிரஷர் குடுத்தா சீக்கிரம் வந்துடும்."

அவர் தலையைத் திருப்பவில்லை. "சார், இது உங்க கம்பெனி இல்ல. என் கையைப் பாருங்க. எந்த விரல்ல தள்றேன்?"

பார்த்தேன். நாம் எல்லோரும் சிரிஞ்சைக் கட்டைவிரலால் தள்ளுவோம். அவர் ஆள்காட்டி விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கட்டைவிரலுக்கு பலம் ஜாஸ்தி, நமக்கே தெரியாம அழுத்திடும். இந்த விரலால முடிஞ்ச அளவு போதும். போன தண்ணி போன வழியே திரும்பி வரணும். வரலைன்னா வேற எங்கயோ போகுதுன்னு அர்த்தம். கீழ யார் உக்காந்திருக்காங்கன்னு பாத்தீங்கல்ல?"

ஊசியை அவர் ஓர் இடத்தில் இறுக்கி வைக்கவே இல்லை. மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருந்தார். பால் பல்லின் வேருக்குள் பாதை நேராக இருக்காது, ரிப்பன் மாதிரி தட்டையாக, அங்கங்கே கிளை பிரிந்து ஓடும், அரம் அங்கெல்லாம் போகாது என்று வேலை செய்துகொண்டே சொன்னார். பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன்.

"சுரண்டறது வழி போடறதுக்குத்தான் சார். சுத்தம் பண்றது எல்லாம் தண்ணிதான்."

இத்தனை வருடம் என்னைக் குளிப்பாட்டுகிற பார்ட்டி என்றார்கள். நானும் அது சின்ன வேலைதான் என்று நம்பியிருந்தேன். அங்கே அந்த மாடியில், படித்த ஒரு டாக்டர், அரிசியைவிடச் சின்ன வாசல் வழியாக, கண்ணுக்குத் தெரியாத அறைகளை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார். அழுத்தம் இல்லை. தண்ணீரைப் போகவிட்டு, காத்திருந்து, திரும்பி வர விடுகிறார். தண்ணீருக்கு இவ்வளவு தெரியும் என்பது தண்ணீரோடேயே நிற்கும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

கடைசியாக, கூராகச் சுருட்டிய வெள்ளைக் காகிதக் குச்சிகளை வேருக்குள் விட்டு எடுத்தார். வெளியே வந்தபோது முனை மஞ்சளும் சிவப்புமாக நனைந்திருந்தது. இன்றைக்கு இப்படித்தான் இருக்கும், அடுத்த வாரம்தான் பரீட்சை என்று சொல்லி, உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினார்.

படி இறங்கும்போது சின்னவளே, மரத்துப்போன வாயோடு குழறிக்கொண்டு நீ சொன்னாய்: "அப்பா, பல்லுக்குள்ள மழை பேஞ்சுது." உன்னை அப்படியே தூக்கிக்கொண்டேன்.

அந்த ஒரு வாரமும் காலையில் எழுந்ததும் உன் கன்னத்தைத்தான் பார்ப்பேன். ஈறைத் தொட்டுப் பார்க்கக் கை போகும். அம்மா, "நீங்க கிட்டயே போகாம இருங்க, அதுவே பாதி வைத்தியம்" என்றாள். பெரியவள் வீட்டில் இருந்த சிரிஞ்சை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டாள். நியாயம்தான். ஆனால் கம்பெனியில் மெஷினுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம், எலும்புக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னத் தலைதான் கண்ணுக்கு முன்னால் வரும். இன்னும் வெளிச்சமே பார்க்காத ஒன்று. ஒரு தப்பும் செய்யாதது. அதற்கு என்னால் ஏதாவது ஆகிவிட்டால், பத்து வருடம் கழித்து நீ சிரிக்கும்போதெல்லாம் எனக்குத் தெரியுமே என்று நினைத்துக்கொள்வேன்.

பரீட்சை நாள் வந்தது. எனக்கு இரண்டாம் ஷிப்ட், அதனால் காலையிலேயே போனோம். ரெயின்கோட் மாட்டி, தற்காலிக மூடியைத் திறந்து, மறுபடி நிதானமாகக் கழுவி, டாக்டர் காகிதக் குச்சியை எடுத்தார். வேர் இரண்டுதான், ஆனால் உள்ளே பாதை மூன்று என்று முன்பே சொல்லியிருந்தார். முதல் பாதையில் விட்டு எடுத்தார். வெள்ளை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டாவது. வெள்ளை. மூன்றாவதை எடுத்து விளக்கில் பிடித்தார். முனையில் ஈரம்.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது, ஜெபம் செய்கிறாள். நான் ஜெபம்கூடச் செய்யவில்லை, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் மறுபடி சிரிஞ்சை எடுத்தார். ஆள்காட்டி விரல், மேலும் கீழும், போகவிட்டு, வரவிட்டு. உறிஞ்சு குழாயின் சத்தம் மட்டும். பிறகு சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். கீழே ரோட்டில் இரண்டு சிக்னல் மாறியிருக்கும். சின்னவள் முயல் படத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். ஐந்து வயதில் அவ்வளவு பொறுமை எனக்கு இருந்திருக்காது.

அதன் பிறகுதான் இன்னொரு குச்சியை விட்டார். எண்ணுகிறார் போல, உதடு அசைந்தது. வெளியே எடுத்தார். பார்த்தார். தட்டில் போடாமல் என் பக்கம் நீட்டினார்.

"பாருங்க சார். நீங்கதான் இன்ஸ்பெக்‌ஷன்."

அடியிலிருந்து நுனிவரை வெள்ளை. ஈரம் பட்ட தடமே இல்லை. ஓகே மேடம் என்று தலையை ஆட்டினேன்.

வேருக்குள் அடைக்க மஞ்சளாக ஒரு பசையை எடுத்தார். இது கெட்டியாக நிற்குமா என்று கேட்டேன். நிற்கக் கூடாது என்றார். அடியில் இருக்கும் பல் வளர்ந்து மேலே வரும்போது, பால் பல்லின் வேர் தானாகவே கரைந்து வழிவிடும். வேர் கரையும்போது அதற்குள் இருக்கும் இந்தப் பசையும் கூடவே கரைந்துபோக வேண்டும். அதற்கென்று செய்த மருந்து. நாங்கள் எதைச் செய்தாலும் உடையாமல் தேயாமல் நிற்க வேண்டும் என்றுதான் செய்வோம். நேரம் வந்ததும் மறைந்துபோக வேண்டும் என்று ஒன்றைச் செய்ய மனிதனுக்கு எவ்வளவு அறிவு வேண்டும். வேருக்கு அந்த அறிவைக் கொடுத்தவர் யார் என்று அம்மாவைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். எனக்கு அவ்வளவு சீக்கிரம் சொல்ல வரவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன்.

எவர்சில்வர் தொப்பி அதற்கும் அடுத்த முறைதான் போட்டார்கள். பெரியவள் உன்னை டிபன் பாக்ஸ் பல் என்று ஒரு மாதம் கூப்பிட்டாள், அது உங்களுக்கே தெரியும். போன மாதம் எடுத்த படத்தில் அந்த நிழல் இல்லை. கீழே இருக்கும் பல்லுக்கு வேர் முளைக்க ஆரம்பித்திருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது குச்சி காய்ந்து வந்த அந்த நாளைப் பற்றி. உங்களையும் அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நேராக ஷிப்டுக்குப் போனேன். சீக்கிரமே போய்விட்டதால் கேண்டீனுக்கு வெளியே கை கழுவும் குழாய் வரிசையில் யாரும் இல்லை. ஒரு குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து, ஒரு வாய்த் தண்ணீர் எடுத்தேன். கொப்பளிக்கவில்லை. வாயை மூடி அசையாமல் நின்றேன். அது தானாகவே பல் சந்துகளுக்குள் போவதும், கடவாயில் தேங்குவதும், திரும்பி நாக்குக்கு வருவதும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, துப்பாமல், வாயை மட்டும் திறந்து, அதைப் போகவிட்டேன்.